தொண்ணூறாயிரம் படங்களும் ஆறு கணினிகளும்

கதையும் கவிதையும் பேசுகிற இடத்தில் கணினிகளின் வேகத்தைப் பற்றி எழுத வந்திருப்பதை அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். ஆனால் கடந்த சில ஆண்டுகளாக எங்கள் நண்பர் குழுவின் மாலை நேரங்களில் பாதியை இந்த ஒரு கேள்விதான் தின்று தீர்த்திருக்கிறது: ஒரு மணி நேர ஒளிநாடாவைச் சுருக்கிக் கோப்பாக்குவதற்கு எந்தக் கணினி குறைந்த நேரம் எடுத்துக்கொள்ளும்? கேள்வி பார்வைக்கு எளிது. கடிகாரத்தைப் பார்த்து விடை எழுதிவிடலாம் என்றுதான் தோன்றும்.

எங்களிடம் இருப்பவை 140 டிஜிட்டல் வீடியோ கேசட்டுகள். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரியவை. ஒவ்வொன்றும் 60 நிமிடம் ஓடும். 1999 முதல் 2008 வரை வந்தவாசி, செய்யாறு வட்டாரத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதம் நடந்தபோது விடிய விடியப் பிடித்த தெருக்கூத்துகள் பெரும்பகுதி. எங்கள் வாசகர் வட்டத்தில் எழுத்தாளர்கள் வந்து பேசியவை மீதி. நாங்கள் படப்பிடிப்புக் கலைஞர்கள் அல்லர். யாரோ ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த கேமராவை முறைவைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள். அந்த இரவுகளில் ஆடியவர்களில் பலர் இன்றில்லை.

என்கோடிங் என்று கணினித்துறையினர் சொல்வதை இங்கே குறியாக்கம் என்றே எழுதுகிறோம். அது என்ன செய்கிறது என்பதைப் பத்திர எழுத்தர்களை அறிந்தவர்கள் எளிதில் புரிந்துகொள்வார்கள். ஒரு நிலத்தை நான்கெல்லையோடும் ஒரு முறை விவரித்துவிட்டால், பிறகு பத்திரம் முழுக்க 'மேற்படி சொத்து' என்று எழுதிக்கொண்டு போவார் அல்லவா? குறியாக்க மென்பொருளும் அதைத்தான் செய்கிறது. ஒரு படத்தைச் சிறு சதுரங்களாக வெட்டுகிறது. ஒவ்வொரு சதுரமும் முந்தைய படங்களில் எங்கேயாவது இருந்ததா என்று தேடுகிறது. இருந்தால், 'மேற்படி, இரண்டு புள்ளி வலப்புறம் நகர்ந்து' என்று மட்டும் எழுதிவைக்கிறது. வேலையின் பெரும் பளு இந்தத் தேடலில்தான் இருக்கிறது. பொறுமையாகத் தேடும் எழுத்தர் குறைந்த தாளில் சரியான பத்திரம் எழுதுவார். அவசரக்காரர் பாதி இடத்தில் தேடாமலே 'ஏறக்குறைய மேற்படி' என்று எழுதிவிடுவார்.

இந்தியாவில் பிடித்த இத்தகைய நாடாக்களில் நொடிக்கு 25 படங்கள். ஒரு மணி நேரத்துக்கு 90,000. ஒவ்வொரு படமும் 720 புள்ளி அகலம், 576 வரி உயரம். அந்த ஒரு படமும் உண்மையில் இரண்டு அரைப்படங்கள்: ஒற்றைப்படை வரிகள் ஒரு கணத்திலும் இரட்டைப்படை வரிகள் அடுத்த கணத்திலும் எடுக்கப்பட்டவை. பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்கு அது பொருந்தியது. இன்றைய திரையில் அப்படியே போட்டால், சுழன்றாடும் கர்ணனின் மார்புப்பதக்கமும் புஜக்கீர்த்தியும் சீப்புப் பல்லாகக் கிழிந்து தெரியும். ஆகவே அரைப்படங்களைப் பிரித்து, இடைவெளியை நிரப்பி, நொடிக்கு 50 முழுப்படங்களாக்கிய பிறகே சுருக்க வேண்டும். கணக்கு இரட்டித்துவிடுகிறது: மணிக்கு 1,80,000 படங்கள்.

ஒப்பீடு என்றால் நியாயம் வேண்டும். எங்கள் நண்பர்களின் வீடுகளிலும் பணியிடங்களிலுமாக ஆறு மேசைக் கணினிகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் ஒரே கேசட்டின் ஒரே கோப்பு, எக்ஸ்264 என்னும் கட்டற்ற மென்பொருளின் ஒரே பதிப்பு, 'ஸ்லோ' என்னும் ஒரே அமைப்பு, தர எண் 18. எச்.264 என்ற வரையறை 2003-இல் வெளியானது. அதற்குப் பின் இரு வரையறைகள் வந்துவிட்டன என்றாலும், ஊர்ப்புறத்து மலிவான கைபேசியும் தயங்காமல் திறக்கிற வடிவம் இன்றளவும் அதுதான். கீழே வருபவை எங்கள் வீட்டுக் கடிகாரங்கள் சொன்ன தோராயமான கணக்குகள், அவ்வளவே. ஆய்வகச் சான்றிதழ்கள் அல்ல.

2004-இல் வாங்கிய பென்டியம் 4, எழுத்தாளர் ஒருவரின் அசையாத பேச்சை முடிக்க ஏறக்குறைய ஒன்பது மணி நேரம் எடுத்துக்கொண்டது. இரவு உணவுக்குப் பின் தொடங்கினால் பால்காரர் வந்துபோன பிறகுதான் முடியும். 2008-இல் ரிச்சி தெருவில் உதிரிகளை வாங்கிச் சேர்த்துக் கட்டிய கோர் 2 டுவோ மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்பாக முடித்தது. ஓர் அலுவலகம் கழித்துக்கட்டியபோது நாங்கள் வாங்கிவந்த ஐ5-2400, 2011-ஆம் ஆண்டுச் சரக்கு, 50 நிமிடத்தை ஒட்டி வந்தது. ஒரு மணி நேரப் பேச்சை ஒரு மணிக்குள் முடித்த முதல் கணினி அது. அன்று அதற்கு ஒரு பெயர்கூடச் சூட்டினோம், இங்கே எழுதுவதற்கில்லை. எம்1 சில்லு கொண்ட மேக் மினி 20 நிமிடம். அது ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று காதை வைத்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஆறு கோர் ரைசன் 5 5600, 15 நிமிடம். திரைப்படத் தொகுப்பு வேலையில் இருக்கும் நண்பரின் 16 கோர் ரைசன் 9 5950எக்ஸ், 11 நிமிடம்.

பட்டியலை இத்தோடு முடித்துக்கொண்டு எழுந்திருக்கலாம். ஆனால் கடைசி எண்ணை மீண்டும் பாருங்கள். ஆறு கோர்களுக்கு 15 நிமிடம் என்றால் 16 கோர்களுக்கு ஆறு நிமிடம்கூட ஆகக்கூடாதே? அந்தக் கணினியின் உரிமையாளர் இதைத் தன்மானப் பிரச்சினையாகவே எடுத்துக்கொண்டார். விடை நாடாவில்தான் இருந்தது. 576 வரி உயரத்தை 16 வரிகளாகப் பகுத்தால் 36 அடுக்குகள்தாம் கிடைக்கும். ஒரு கோர் இரண்டாம் படத்தைத் தொடங்க வேண்டுமானால், முதல் படத்தின் மேலடுக்குகள் சில முடிந்திருக்க வேண்டும். 'மேற்படி' என்று எழுத, மேலே ஏதாவது எழுதப்பட்டிருக்க வேண்டுமல்லவா? மூன்றாம் படம் இரண்டாவதற்காகக் காத்திருக்கும். அகலமான இக்காலத் திரைப்படத்தில் அடுக்குகள் நிறைய, ஆகவே பல கோர்களுக்கும் வேலை கிடைக்கும். நம் பழைய சிறு படத்தில் பந்தி சிறியது. பதினாறு பேரில் பாதிப் பேர் இலை போட இடமின்றி நின்றார்கள். மூன்று கேசட்டுகளை ஒரே நேரத்தில் கொடுத்துப் பார்த்தோம். மூன்றும் சேர்ந்து 20 நிமிடத்தில் முடிந்தன. உரிமையாளருக்கு முகம் மலர்ந்தது. (அப்போதும் ஓர் இடைஞ்சல்: நாடாவின் மூலக்கோப்பு மணிக்கு 13 ஜிகாபைட். பழைய யூ.எஸ்.பி. 2 வெளித்தட்டிலிருந்து மூன்றையும் படித்திருந்தால், கணினி அல்ல, அந்தக் கம்பிதான் வேகத்தை நிர்ணயித்திருக்கும். உள்தட்டுக்கு மாற்றிய பிறகே சோதித்தோம்.)

இனித்தான் சங்கடமான பகுதி. அலுவலகம் கழித்துப்போட்ட அந்த ஐ5 கணினியில், குறியாக்கத்துக்கென்றே சில்லுக்குள் தனியாக ஒரு சுற்று உண்டு. 2011-இல் இன்டெல் நிறுவனம் அதைச் சேர்த்தது. மையச் செயலியை ஓரமாக உட்காரவைத்துவிட்டு அந்தச் சுற்றிடம் வேலையைக் கொடுத்தால், அதே கேசட் பத்து நிமிடத்தில் முடிந்தது. பதினாறு கோர்களையும் தோற்கடித்து, கழித்துக்கட்டிய பெட்டி முதலிடம்! எங்களில் ஒருவர், இனி மறுபேச்சு வேண்டாம், 140 கேசட்டுகளையும் இதிலேயே போட்டுவிடலாம் என்றார். எழுத்தாளரின் பேச்சைப் போட்டுப் பார்த்தோம். குற்றம் சொல்ல ஏதுமில்லை. வெள்ளைச் சுவர், மேசை, ஒரு தம்ளர் தண்ணீர், அசையாத மனிதர்.

பிறகு ஒரு கர்ண மோட்சத்தைப் போட்டோம். கோப்பின் அளவை எக்ஸ்264 கொடுத்த அளவுக்கே கட்டிவைத்தோம், இல்லையென்றால் ஒப்பிடுவதில் பொருளில்லை. அதிகாலை மூன்று மணி. கூத்துக் களத்தின் இரு முனைகளில் இரண்டு விளக்குகள். அவற்றுக்கு அப்பால் இருட்டு. அந்த இருட்டு சும்மா இருப்பதில்லை. வெளிச்சம் போதாத இடத்தில் கேமரா இட்டுக்கட்டிய புள்ளிகள் கோடிக்கணக்கில் மொய்க்கும். குறியாக்கத்துக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. எந்தப் புள்ளியும் முந்தைய படத்தில் இருந்த இடத்தில் இருக்காது, 'மேற்படி' என்று எழுதவே வழியில்லை. அந்தத் தனிச் சுற்று என்ன செய்தது என்றால், இருட்டை மொத்தமாகக் கட்டம் கட்டமாக மெழுகிவிட்டது. இருட்டில் அமர்ந்திருந்த ஊர் ஜனம் காணாமற்போயிற்று. தாளக்காரருக்குப் பின்னால் முகவீணை வாசித்தவரின் முகம் தேய்த்த சுவராயிற்று. கர்ணன் சுழலும்போது அரிதாரத்தில் வரைந்த கோடுகள் கலங்கி, ஒரு கணம் யாரோ ஒருவராகி, சுழற்சி நின்றதும் மறுபடியும் கர்ணனானான். எக்ஸ்264 ஸ்லோவில் அதே காட்சியில் அந்த முகம் முகமாகவே இருந்தது. சிமெண்டுத் திண்ணையில் போர்வை போர்த்தி உறங்கும் குழந்தைகள்கூடத் தெரிந்தார்கள்.

2011-க்குப் பிறகு வந்த தனிச் சுற்றுகள் மிகவும் தேறியிருக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படியும் ஒரே அளவுக் கோப்பில், இருட்டும் ஆட்டமும் கலந்த படத்தில், பொறுமையாகத் தேடும் மென்பொருளுக்கு அவை ஒரு படி கீழ்தான் என்பது எங்கள் கண்கள் கண்டது. பேச்சுக்கும் கூத்துக்கும் நேரத்திலும் வேறுபாடு உண்டு. பேச்சை 15 நிமிடத்தில் முடித்த அதே ரைசன் 5, கூத்துக்கு 22 நிமிடம் எடுத்தது. பேச்சு ஒரு ஜிகாபைட்டைச் சற்றே தாண்டியது, கூத்து மூன்றரையை எட்டியது. எதைக் குறியாக்கினார்கள் என்று சொல்லாமல் கணினியின் வேகத்தை மட்டும் எண்ணாகக் கொடுப்பவர்களை அன்று முதல் நாங்கள் நம்புவதில்லை.

அமைப்புகளின் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. எக்ஸ்264-இல் பத்துப் படிகள் உண்டு: 'அல்ட்ராஃபாஸ்ட்' என்று தொடங்கி, 'மீடியம்', 'ஸ்லோ' என்று இறங்கி, 'வெரிஸ்லோ' வரை போகும். அதற்கும் கீழே உள்ள கடைசிப் படிக்கு அதை எழுதியவர்கள் வைத்த பெயர் 'பிளசிபோ'. மருந்தில்லாத மாத்திரை. பயன் உன் மனத்தில்தான் இருக்கிறது என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்த அந்த நையாண்டி எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. நம் விமர்சகர்கள் சிலருக்கும் இத்தகைய படிநிலை ஒன்று தேவைப்படுகிறது.

கணினிக்கு வெளியே உள்ளவையும் வேகத்தில் பங்குகொள்கின்றன. மே மாதத்து மதியத்தில் மின்விசிறி மட்டும் சுழலும் அறையில் அளந்ததும், மார்கழி இரவில் அளந்ததும் ஒன்றல்ல. சூடேறினால் செயலி தானே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கோர் 2 டுவோவின் மூடியைத் திறந்து பத்தாண்டுத் தூசியைத் துடைத்த பிறகு அது கண்ணுக்குத் தெரிய இளமையடைந்தது. 2012-ஆம் ஆண்டின் மின்வெட்டு நாட்களில் அதே கணினியில் முதன்முதலாக இந்த வேலையைத் தொடங்கியிருந்தோம். மூன்று மணி நேரம் தொடர்ந்து மின்சாரம் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத காலம். எம்பி4 கோப்பு தன் அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். இரண்டே முக்கால் மணியில் மின்சாரம் போனால் அதுவரை எழுதியது அத்தனையும் திறக்க முடியாத குப்பை. எம்.கே.வி. வடிவில் எழுதினால் அறுந்த இடம் வரையிலாவது மிஞ்சும் என்பதால் அதற்கு மாறினோம். எந்த ஒப்பீட்டிலும் இந்த அளவுகோலை நாங்கள் பார்த்ததில்லை. அந்த ஆண்டில் எங்களுக்கு இதுதான் முதல் அளவுகோல்.

ஆனால் ஆறு கணினிகளில் எதனாலும் நெருங்க முடியாத ஒன்று உண்டு. கேசட்டிலிருந்து கணினிக்கு ஏற்றுவது. ஃபயர்வயர் கம்பியில் கேமராவை இணைத்து ஓடவிட்டால், ஒரு மணி நேர நாடா ஒரு மணி நேரந்தான் ஓடும். 140 கேசட்டுகளுக்கு 140 மணி நேரம். பென்டியம் 4-இல் குறியாக்கம் மட்டும் 1,260 மணி, அதாவது இரவு பகலாக 52 நாட்களுக்கு மேல். ரைசன் 5-இல், எல்லாமே பேச்சு என்று வைத்துக்கொண்டால், 35 மணி. அதற்கும் மேலே எவ்வளவு வேகம் கூட்டினாலும், ஒரு கேசட் ஏறிக்கொண்டிருக்கும்போதே முந்தைய கேசட் சுருங்கி முடிந்து கணினி கைகட்டி நிற்கும். ஒரு வேலையின் வேகப்படுத்த முடியாத பகுதிதான் மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டுகிறது என்று ஜீன் ஆம்டால் 1967-இலேயே எழுதிவைத்தார். அவர் கணினிகளைப் பற்றிச் சொன்னது எங்கள் கேமராவின் தேயும் தலைக்கும் பொருந்துகிறது. காந்த நாடாக்களைப் பற்றி ஆஸ்திரேலியத் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக்காப்பகம் 2015-இல் விடுத்த எச்சரிக்கையும், யுனெஸ்கோ 2019-இல் விடுத்ததும் ஒரே ஆண்டைச் சுட்டின: 2025. அதற்குள் ஏற்றாதவை பெரும்பாலும் கைவிட்டுப் போகும் என்றார்கள். நாடா அழிவது ஒருபுறம். ஓட்டுகிற கருவியும், அதைப் பழுது பார்க்கிற கையும் இல்லாமற்போவது மறுபுறம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் அழைத்தார். "அண்ணா, எங்கப்பா கர்ணன் வேஷம் கட்டினது உங்ககிட்ட இருக்குதாமே? நாளைக்குப் பதினாறாம் நாள். படத்திறப்பு அப்போ அதைப் போட்டா நல்லாருக்கும்னு அம்மா சொல்றாங்க." இருக்கிறதா என்று பார்க்காமலேயே, "இருக்குதும்மா, காலையில வந்துடும்" என்று எங்களில் ஒருவர் சொல்லிவிட்டார். இருந்தது. எட்டுக் கேசட்டுகள், ஒன்றும் கணினிக்கு ஏற்றப்படாதவை. மணி ஏழு. வேகமான கணினிகளெல்லாம் சென்னையில். கேமராவும் ஐ5-உம் மட்டும் வந்தவாசியில். எட்டையும் ஏற்றினால் அதிகாலை மூன்று. கர்ணன் திரைக்குப் பின்னிருந்து வருவது ஐந்தாவது கேசட்டில், விழுவது ஆறாவதில் என்று உறையில் யாரோ பென்சிலால் எழுதியிருந்ததால், அவ்விரண்டை மட்டும் ஓடவிட்டோம். இரண்டு மணி நேரம். பிறகு அந்தத் தனிச் சுற்றில் 20 நிமிடம். அன்று யாரும் இருட்டின் கட்டங்களைப் பற்றி வாய் திறக்கவில்லை. பென் டிரைவ் முதல் பேருந்தில் போயிற்று. பந்தலில் வாடகைக்கு எடுத்த திரையில் ஓடியது. அந்த இரவுக்கு அந்தக் கணினிதான் ஆறிலும் சிறந்தது என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

அதே இரண்டு கேசட்டுகளைப் பின்னர் நிதானமாக ஸ்லோவில் போட்டு அவருக்கு அனுப்பினோம். சில நாள் கழித்து மறுபடியும் அழைத்தார். முதலில் வந்ததில் தெரியாத முகவீணைக்காரர் இதில் தெரிகிறார், அவர் தம்முடைய பெரியப்பா, அவரைப் படம் பிடித்த வேறெந்த நினைவும் வீட்டில் இல்லை என்றார். அவர் பெயரையும், மத்தளம் அடித்தவர் பெயரையும், கட்டியங்காரன் எந்த ஊர் என்பதையும் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டோம். எங்கள் உறையில் 'பாரதம் - செய்யாறு - 5' என்று மட்டுமே இருந்தது.

மூலக்கோப்பை வைத்திருப்பதா வேண்டாமா என்ற வாதம் எங்களுக்குள் நெடுநாள் நடந்தது. 140 கேசட்டுக்கு 1,820 ஜிகாபைட். 2011-இல் தாய்லாந்து வெள்ளத்தால் வன்தட்டுகளின் விலை ஏறியிருந்த நேரத்தில் அது எங்கள் கைக்கு எட்டாத அளவு. இன்று நான்கு டெராபைட் தட்டு ஒன்றில் பாதிகூட நிரம்பாது. சுருக்கியது கொடுக்க, சுருக்காதது வைத்திருக்க என்று முடிவுசெய்து இரண்டு தட்டுகளில் இரண்டு வீடுகளில் வைத்திருக்கிறோம். இந்த முடிவுக்கு எங்களைத் தள்ளியது வேறொரு குழுவின் அனுபவம். அவர்கள் தங்கள் கூத்து நாடாக்களை நகரத்து ஸ்டூடியோ ஒன்றில் கொடுத்து வி.சி.டி.யாக மாற்றினார்கள். விரைவாகவே மாற்றித் தந்தார்கள். 352 புள்ளிக்கு 288 வரி. கைபேசியில் பார்த்தாலும் முகம் முகமாகத் தெரியாது. மூல நாடாக்களின் மேல் பின்னர் கல்யாணங்கள் பதிவாகிவிட்டன. எந்தக் கணினியில், எத்தனை நிமிடத்தில் அந்த வி.சி.டி.க்கள் தயாராயின என்று இன்று யார் கேட்கப்போகிறார்கள்?

இன்னும் 21 கேசட்டுகள் ஏற்றப்பட வேண்டும். இரண்டு கேமராக்களில் ஒன்று நாடாவைக் கடிக்கத் தொடங்கிவிட்டதால் அதை ஒதுக்கிவிட்டோம். மற்றதை வாரம் இரண்டு கேசட்டுக்கு மேல் ஓட்டுவதில்லை. கணினி காத்திருக்கிற அந்த நேரத்தில் ஏறி முடிந்தவற்றைப் போட்டுக் கேட்டு, யார் எந்த வேஷம், எந்த ஊர், எந்த ஆண்டு என்று குறித்து வருகிறோம். ஒரு மணி நேரக் கூத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிறது. செய்யாறு, ஆரணி, வந்தவாசி வட்டாரங்களில் 1999-க்கும் 2008-க்கும் இடையில் பாரதம் பார்த்தவர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களோடு உட்கார வேண்டும்.